புஜாக் புல்வெளி மக்கள் – 5: மூன்று ஆட்சிமொழிகள், ஒரு தாய்மொழி

சென்ற இதழில், ரஷ்ய–துருக்கிப் போர்களுக்கு நடுவே டான்யூப் நதியைக் கடந்து புஜாக் புல்வெளிக்கு வந்து சேர்ந்த ககவூஸ் மக்களைப் பார்த்தோம். ஜார் அரசு அவர்களுக்கு நிலம் கொடுத்தது. 1819-இல் குடியேறிகள் என்ற தகுதியைத் தந்து, படைச் சேவையிலிருந்து விலக்கும் அளித்தது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று அது கேட்கவில்லை. கேட்காமல் இருந்தவரை அந்த மொழிக்கு ஆபத்தும் வரவில்லை. ஒரு சாதாரண ககவூஸ் விவசாயி பக்கத்து ஊர்க்காரனிடம் பல்கேரிய மொழியும், சந்தையில் மால்டோவியனிடம் ருமேனியமும், அதிகாரியிடம் அரைகுறை ரஷ்யனும் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தன் மொழியில் சண்டை போட்டான், பாடினான், பிள்ளைகளைக் கொஞ்சினான்.

இன்றைய வரைபடத்தில் அந்த நிலம் மால்டோவாவின் தெற்குக் கோடியில், ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் இருக்கிறது. கொம்ராத், சாதிர்-லுங்கா, வுல்கனெஷ்தி என்று மூன்று சிறு நகரங்கள். சுற்றிலும் கிராமங்கள், மழை குறைந்த மண், திராட்சைத் தோட்டங்கள். இங்கே நூறாண்டுக் காலத்தில் நான்கு அரசுகள் மாறி மாறிப் பள்ளிக்கூடம் நடத்தின. அந்தப் பள்ளிக்கூடங்கள் ஒரு மொழியை என்ன செய்தன என்பதுதான் இந்தப் பகுதி.

ககவூஸ் மொழி ஏட்டில் ஏறியதற்கு ஒரு பாதிரியாருக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும். மிஹாயில் சாகிர் 1861-இல் சாதிர்-லுங்காவில் பிறந்தவர். இன்று மால்டோவாவின் தலைநகரான கிஷினாவ் நகரில் குருத்துவம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பாதிரியாராகவும் வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கு முன்பே மோஷ்கோவ் என்ற ரஷ்ய ராணுவ அதிகாரி ககவூஸ் மக்களின் கதைகளையும் பாடல்களையும் திரட்டி 1904-இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியிட்டிருந்தார். ஆனால் அது அறிஞர்களுக்கான நூல். கிராமத்து ஆள் கையில் எடுத்துப் படிக்க எதுவும் இல்லை.

ககவூஸ்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பேசுவதோ துருக்கி மொழிக்கு மிக நெருக்கமான ஒரு மொழி. கடவுளை அல்லா என்றுதான் அழைப்பார்கள். அதே வாயால் கன்னி மரியாளுக்குக் கிரேக்கப் பெயர் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கோயிலில் பாதிரியார் ஓதிய பழைய ஸ்லாவிய மொழி அவர்களுக்குப் புரியவில்லை. புரியாத வழிபாட்டில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வீடு திரும்பும் தன் மக்களைப் பார்த்துத்தான் சாகிர் எழுதத் தொடங்கினார். திருச்சபையிடம் அனுமதி வாங்கி, ஜெபங்களையும் நற்செய்தி நூலையும் ககவூஸ் மொழியில் ரஷ்ய எழுத்துகளைக் கொண்டு அச்சிட்டார். 1900-களின் முதல் பத்தாண்டில் தொடங்கிய அந்த வேலை கடைசிவரை நிற்கவில்லை. 1934-இல், புஜாக் அடங்கிய பெஸ்ஸராபியாவில் வாழ்ந்த ககவூஸ்களின் வரலாற்றை ககவூஸ் மொழியிலேயே எழுதி வெளியிட்டார். 1938-இல் ககவூஸ்–ருமேனிய அகராதி வந்தது. அதே ஆண்டு அவர் காலமானார்.

அவர் எழுதிய முதல் நூல்களில் ரஷ்ய எழுத்து, கடைசி நூல்களில் லத்தீன் எழுத்து. இடையில் நடந்தது ஆட்சி மாற்றம். 1918-இல் பெஸ்ஸராபியா ருமேனியாவோடு இணைந்தது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வரி அலுவலகம் எல்லாம் ருமேனிய மொழிக்கு மாறின. ரஷ்ய மொழியில் எழுதப் படிக்கக் கற்ற ககவூஸ் தகப்பன் ஒரே நாளில் எழுத்தறியாதவன் ஆனான். மனு எழுதவும், வந்த கடிதத்தைப் படிக்கவும் அடுத்தவரிடம் போய் நின்றான். 1924-இல் ருமேனியத் திருச்சபை புதிய நாட்காட்டிக்கு மாறியபோது பண்டிகைத் தேதிகளும் மாறின. பெஸ்ஸராபியா முழுவதும் அதற்கு எதிர்ப்பு இருந்தது. ககவூஸ் கிராமங்களில் இன்றும் முதியவர்கள் ருமேனியர் காலம் என்றதும் முதலில் சொல்வது கிராமக் காவலனின் அடியைப் பற்றித்தான். இந்த நினைவை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து அது பெரிய வேலை செய்தது.

துருக்கியும் இந்தக் காலத்தில் எட்டிப் பார்த்தது. 1931 முதல் 1944 வரை புக்காரெஸ்டில் துருக்கித் தூதராக இருந்த ஹம்துல்லா சுப்ஹி தன்ரியோவர், ககவூஸ் கிராமங்களுக்குப் போய் வந்தார். துருக்கி மொழி சொல்லித்தர ஆசிரியர்களை வரவழைக்க முயன்றார். இளைஞர்கள் சிலரைத் துருக்கிக்குப் படிக்க அனுப்பினார். இந்த மக்களை மொத்தமாகத் துருக்கியில் குடியேற்றும் யோசனையும் அவருக்கு இருந்தது. இரண்டாம் உலகப்போர் அந்த யோசனையை முடித்துவைத்தது.

1940-இல் சோவியத் படைகள் வந்தன; 1941-இல் ருமேனியா திரும்பி வந்தது; 1944-இல் மீண்டும் சோவியத். பெஸ்ஸராபியாவின் பெரும்பகுதி மால்டோவிய சோவியத் குடியரசுக்கும், தென்பகுதி உக்ரைனுக்கும் போனது. ககவூஸ் மக்கள் இரு குடியரசுகளுக்கும் இடையில் பிரிந்தார்கள். 1946–47 பஞ்சத்தில் மால்டோவாவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வறண்ட தெற்கில் இருந்த ககவூஸ் கிராமங்கள் மிகக் கொடுமையாக அடிபட்டன. 1949 ஜூலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மால்டோவாவிலிருந்து சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டன. இவற்றையெல்லாம் தாண்டி உயிரோடு மிஞ்சியவர்களுக்கு, அரசு ஏற்ற எழுத்து என்ற ஒன்று 1957-இல் வந்தது.

அந்த ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி மால்டோவிய உச்ச சோவியத்தின் தலைமைக் குழு ஓர் ஆணை பிறப்பித்தது. ககவூஸ் மொழிக்கு ரஷ்ய எழுத்துகளின் அடிப்படையில் அதிகாரபூர்வ நெடுங்கணக்கு. அடுத்த ஆண்டே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ககவூஸ் மொழி கற்பிக்கப்பட்டது. அரிச்சுவடி அச்சானது. 1959-இல் டியோனிஸ் தனசொக்லு தொகுத்த ‘புஜாக்கின் குரல்கள்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. கவிதைகள், கதைகள், நாட்டார் பாடல்கள். பாட்டி வாயில் கேட்டதைப் பேரன் புத்தகத்தில் பார்த்தான். அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் எழுதத் தொடங்கியவர்கள்தான் இன்றைய ககவூஸ் இலக்கியத்தின் மூத்த தலைமுறை. முதல் ககவூஸ் நாவலையும் தனசொக்லுவேதான் எழுதினார், 1985-இல்.

ஆனால் பள்ளியில் அது நீடிக்கவில்லை. 1960-களின் தொடக்கத்திலேயே ககவூஸ் வகுப்புகள் மூடப்பட்டன. பெற்றோர்கள் ரஷ்யனைத்தான் விரும்புகிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பெற்றோர் கையெழுத்துப் போட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். சோவியத் தலைவர் குருஷ்சேவின் கல்விச் சீர்திருத்தம், பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. 1961 அக்டோபரில் நடந்த கட்சி மாநாட்டில், சோவியத் மக்கள் அனைவருக்கும் ரஷ்யன் இரண்டாம் தாய்மொழி ஆகிவிட்டது என்றார் அவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் ககவூஸ் மொழியில் ஒரு வகுப்பு கிடையாது. கல்லூரி கிடையாது. கூட்டுப்பண்ணை அலுவலகத்தில், டிராக்டர் நிலையத்தில், மருத்துவமனையில் எல்லா இடத்திலும் ரஷ்யன். இந்த நிலையில் ஒரு தாயிடம் போய் உன் பிள்ளைக்கு எது வேண்டும் என்று கேட்டால், வயிற்றுப்பாட்டுக்கு உதவும் மொழியைத்தான் அவள் சொல்வாள். வேறெந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு எந்த வழியாகப் போக விருப்பம் என்று கேட்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க முடியாது.

ககவூஸ் மொழிக்கு நேர்ந்த இழப்புகளிலேயே இதைத்தான் நான் பெரியது என்பேன். ருமேனியர்கள் திணித்தார்கள், அந்த மக்கள் அதைத் திணிப்பு என்றே உணர்ந்து உள்ளுக்குள் எதிர்த்தார்கள். சோவியத் ஆட்சியில், தாய்மொழியைக் கைவிட்டது தங்கள் விருப்பம்தான் என்று அவர்களே நம்பும்படி ஆயிற்று. முன்னதைவிடப் பின்னதிலிருந்து மீள்வது கடினம்.

இது ஒரு வீட்டுக்குள் எப்படி நடந்தது என்று பார்ப்போம். கொம்ராத் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1951-இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சோவியத் வழக்கப்படி ஏழு வயதில், 1958-இல், பள்ளிக்குப் போகிறாள். கையில் புத்தம் புதிய ககவூஸ் அரிச்சுவடி. அவளுடைய தாத்தா ஜார் காலத்தில் படித்தவர் என்றால் ரஷ்ய எழுத்துதான் தெரியும். தகப்பன் 1930-களில் படித்தவர். அவருக்கு ருமேனிய மொழி, லத்தீன் எழுத்து. இவள் மூன்று நான்கு ஆண்டுகள் தாய்மொழியைப் படித்து முடிப்பதற்குள் வகுப்பு போய்விடுகிறது; மிச்சப் படிப்பு முழுக்க ரஷ்யன். 1970-களில் அவளுக்குப் பிறந்த மகன் முதல் வகுப்பிலிருந்தே ரஷ்யன். தாய்மொழியில் ஒரு வரி எழுதியதில்லை. 1990-களின் கடைசியில் பிறந்த பேத்தி பள்ளியில் ககவூஸ் பாடம் படிக்கிறாள், ஆனால் துருக்கியைப் பின்பற்றிய புதிய லத்தீன் எழுத்தில். பாட்டி பத்திரமாக வைத்திருக்கும் பழைய அரிச்சுவடியைப் பேத்தி ரஷ்ய எழுத்து தெரிந்ததால் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். பேத்தியின் புத்தகத்தைப் பாட்டியால் படிக்க முடியாது. ஐந்து தலைமுறை ஒரே வீட்டில் ஒரே மொழியைப் பேசியது. தாய்மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் அதில் இருவர்தான். அந்த இருவருக்கும் வேறு வேறு எழுத்து.

இப்போது 1989-க்கு வருவோம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மால்டோவாவில் ககவூஸ்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தாய்மொழி ககவூஸ் என்று பதிந்தார்கள். பத்துக்கு ஏழு பேர் தங்களுக்கு ரஷ்யன் நன்றாகத் தெரியும் என்றார்கள். குடியரசின் பெரும்பான்மை மொழி தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தலைநகரத்திலிருந்து பேருந்தில் ஒரு காலைப்பொழுதில் போய்விடும் தூரத்தில் இருந்தும் இந்த நிலை. காரணம், மால்டோவியர்களே நகரத்தில் ரஷ்யன் பேசித்தான் பிழைக்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு ககவூஸ் பையன் எதற்காக அந்த மொழியைக் கற்பான்?

மால்டோவியர்களின் குறையும் நியாயமானது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் பேசியது ருமேனிய மொழி. சோவியத் ஆட்சி அதை ரஷ்ய எழுத்தில் எழுதவைத்து, அது ருமேனியமே இல்லை, மால்டோவியம் என்ற தனி மொழி என்றது. சொந்த நாட்டில், சொந்த மொழியில் ஒரு தந்திகூட அனுப்ப முடியவில்லையே என்று அவர்கள் கொதித்தார்கள். 1989 ஆகஸ்ட் 27-இல் கிஷினாவ் சதுக்கத்தில் லட்சக்கணக்கில் திரண்டார்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 31-இல், உச்ச சோவியத் மொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. மால்டோவிய மொழி ஆட்சிமொழி ஆனது. லத்தீன் எழுத்து திரும்பியது. இன்றும் அந்த நாள் அங்கே தேசிய விடுமுறை.

சட்டத்தை எடுத்துப் படித்தால் ககவூஸ்களுக்கு விரோதமாக எதுவும் தெரியாது. அவர்கள் மொழியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பாதுகாப்போம், வளர்ப்போம் என்றது. அவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் ஆட்சிமொழி, ககவூஸ், ரஷ்யன் மூன்றையும் அலுவல்களில் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் பொதுமக்களோடு பழகும் வேலையில் இருப்பவர்கள், அதிகாரி முதல் கடைச் சிப்பந்தி வரை, ஆட்சிமொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் அவகாசம் தந்தது. மொழிச் சட்டம் ஒன்று வந்தால் அதில் வேலை பற்றிய வரியைத்தான் முதலில் தேடுவார்கள் என்று தமிழ் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொம்ராத்தில் ஓர் ஆசிரியைக்கு, ஒரு செவிலிக்கு, ஒரு எழுத்தருக்கு அந்த வரி தன் வேலைக்கு வைத்த கெடுவாகத் தெரிந்தது. மால்டோவா ருமேனியாவோடு இணையப்போகிறது என்ற பேச்சும் அப்போது பலமாக இருந்தது. தாத்தா சொன்ன காவலனின் அடி நினைவுக்கு வந்தது.

1989 நவம்பரில் கொம்ராத்தில் கூடிய மாநாடு, தன்னாட்சிக் குடியரசு வேண்டும் என்றது. கிஷினாவ் மறுத்தது. 1990 ஆகஸ்ட் 19-இல் ககவூஸ் குடியரசு என்று தனியாகவே அறிவித்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் இருப்போம், மால்டோவாவில் இல்லை என்றார்கள். அக்டோபர் இறுதியில் தேர்தல் நடத்தப் போவதாகச் சொன்னதும், மால்டோவியப் பிரதமர் மிர்ச்சா துருக்கின் ஆதரவோடு பல்லாயிரம் தன்னார்வலர்கள் பேருந்துகளில் தெற்கே புறப்பட்டார்கள். ககவூஸ் ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சாலைகளை மறித்தார்கள். தினியெஸ்தர் நதிக்கு அப்பாலிருந்த ரஷ்ய மொழி பேசுவோரும் உதவிக்கு ஆள் அனுப்பினார்கள். சோவியத் துருப்புகள் நடுவில் வந்து நின்றதால் பெரும் ரத்தக்களரி தவிர்ந்தது. ஸ்தெபான் தோப்பால் என்ற பொறியாளர் குடியரசின் தலைவரானார். ஒரு மொழிச் சட்டத்தில் தொடங்கி, ஓராண்டுக்குள் சாலையில் மறியல்வரை போனது.

நான்கு ஆண்டுகள் யாரும் அங்கீகரிக்காத ஒரு குடியரசாக அது இருந்தது. 1992-இல் தினியெஸ்தருக்கு அப்பால் டிரான்ஸ்னிஸ்திரியாவில் நூற்றுக்கணக்கானோர் செத்த போர் நடந்தபோதும் இங்கே துப்பாக்கி பேசவில்லை. இரு பக்கமும் இருந்த நிதானத்தை இதற்காகப் பாராட்ட வேண்டும். துருக்கியின் அதிபர் சுலைமான் டெமிரெல் 1994-இல் ககவூஸ் பகுதிக்கே வந்து, மால்டோவாவின் நல்ல குடிமக்களாக இருங்கள் என்று எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பர் 23-இல் மால்டோவிய நாடாளுமன்றம் தன்னாட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. ககவூஸ் யெரி என்ற பெயரில் தன்னாட்சிப் பகுதி, 35 உறுப்பினர் கொண்ட மக்கள் அவை, பாஷ்கான் என்ற ஆளுநர். மால்டோவா தன் சுதந்திரத்தைக் கைவிட்டு இன்னொரு நாட்டோடு சேர்ந்தால், ககவூஸ்கள் தங்கள் வழியைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் அதில் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் சிறுபான்மை இனம் ஒன்று ரத்தம் சிந்தாமல் பெற்ற மிக விரிவான தன்னாட்சி என்று அன்று உலகம் புகழ்ந்தது.

சட்டத்தின் மூன்றாவது பிரிவு மொழியைப் பற்றியது. மால்டோவியம், ககவூஸ், ரஷ்யன் மூன்றும் ஆட்சிமொழிகள். அதற்கு அடுத்த உட்பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. தன்னாட்சிப் பகுதியின் அலுவலகங்கள் மத்திய அரசோடும் வெளி நிறுவனங்களோடும் வைத்துக்கொள்ளும் கடிதப் போக்குவரத்து மால்டோவியத்திலும் ரஷ்யனிலும் நடக்கும் என்று அது சொல்கிறது. ககவூஸ் மக்களுக்காக எழுதப்பட்ட சட்டத்திலேயே ககவூஸ் மொழியில் ஒரு கடிதம் எழுத இடமில்லை. பேரம் பேசியவர்களை இதற்காகக் குற்றம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அவர்கள் காக்க வந்தது தங்கள் மக்களின் வேலையை, படிப்பை, நிம்மதியை. அவை எல்லாம் அன்று ரஷ்ய மொழியில் இருந்தன. ரஷ்யனைக் காத்தால் ககவூஸ்களைக் காத்ததாக ஆகும் என்று நம்பினார்கள். மக்களைக் காத்தார்கள். மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த அப்புறம் வரவில்லை.

பாஷ்கானாக நிற்பவருக்கு ககவூஸ் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் நிபந்தனை வைக்கிறது. ஆனால் மக்கள் அவையின் விவாதம் ரஷ்யனில் நடக்கிறது. தீர்மானம் ரஷ்யனில் எழுதப்படுகிறது. கொம்ராத் பல்கலைக்கழகம் 1991-இல் தொடங்கப்பட்டது. அங்கும் பெரும்பாலான வகுப்புகள் ரஷ்யனில்தான். பள்ளிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய ருமேனியப் பள்ளிகளைத் தவிர மற்றவற்றில் பாடமொழி ரஷ்யன். ஒரு பிள்ளை கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் ரஷ்யனில் படிக்கிறது. வாரத்தில் சில மணி நேரம் ககவூஸ் மொழியும் இலக்கியமும். சில மணி நேரம் ருமேனியம். அதற்கு மேல் ஆங்கிலமோ பிரெஞ்சோ. நான்கு மொழிப் பாடம் சுமக்கும் அந்தப் பிள்ளைக்கு, வீட்டு மொழியில் ஒரு விஞ்ஞானப் பாடம் கேட்ட அனுபவமே கிடையாது. பாடப்புத்தகத்து ககவூஸ், வீட்டில் கேட்ட ககவூஸ் போலவும் இருப்பதில்லை. நவீனச் சொற்களுக்குத் துருக்கியிலிருந்து இரவல் வாங்குவதா, பழகிப்போன ரஷ்யச் சொல்லையே வைத்துக்கொள்வதா என்ற வாதம் எழுத்தாளர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. 1993-இல் லத்தீன் எழுத்துக்கு மாறிய பிறகு, பழைய எழுத்தில் வந்த நூல்களின் வாசகர்கள் ஒரு பக்கம், புதிய எழுத்தின் பிள்ளைகள் மறுபக்கம் என்று இருக்கிற சின்னஞ்சிறு வாசகர் கூட்டமும் பிரிந்துபோனது.

ருமேனியம் தெரியாததற்கும் பெரிய விலை கொடுக்கிறார்கள். கிஷினாவில் கல்லூரியில் சேர்வது சிரமம், மத்திய அரசு வேலை சிரமம். சட்டப்படி பாஷ்கான் தன் பதவியின் காரணமாகவே மத்திய அமைச்சரவையில் உறுப்பினர். அங்கே கூட்டம் நடப்பது ருமேனியத்தில். பள்ளிகளில் ருமேனியம் பாடமாக இல்லாமல் இல்லை. நல்ல ஆசிரியர் கிடைப்பதில்லை; தெருவில் இறங்கினால் அந்த மொழியைப் பேச ஆளும் இல்லை. பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்து, ருமேனியத்தை வெறுக்கிறார்கள் என்று தலைநகரத்தில் சிலர் எழுதுகிறார்கள். அது அநியாயம். சொல்லித்தராத மொழியை வெறுப்பதாக யாரையும் குறை கூற முடியாது. சொல்லித்தரும் பொறுப்பு கிஷினாவ் அரசுடையது. அதில் அது முப்பது ஆண்டுகளாகத் தவறியிருக்கிறது.

கூட்டுப்பண்ணைகள் உடைந்த பிறகு ஊரில் வேலை இல்லை. ஆண்கள் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் இஸ்தான்புல்லுக்கு, பணக்கார வீடுகளில் பிள்ளை பார்க்கவும் முதியவர்களைக் கவனிக்கவும் போனார்கள். அந்த வேலைக்கு அவர்களை அங்கே விரும்பி வைத்துக்கொண்டார்கள். காரணம், வந்த சில வாரங்களிலேயே துருக்கி மொழி சரளமாகப் பேசினார்கள். பள்ளியில், அலுவலகத்தில், அவையில் எங்கும் ஒரு காசு பெறாது என்று சொல்லப்பட்ட தாய்மொழிக்கு முதன்முதலாகச் சம்பளம் கிடைத்தது. அவர்கள் பெற்ற பிள்ளைகளோ ஊரில் பாட்டியிடம் வளர்ந்து, ரஷ்யத் தொலைக்காட்சி பார்த்து, ரஷ்யனில் சிந்திக்கக் கற்றன. குடும்பத்தைக் காப்பாற்றிய மொழி குடும்பத்துக்குள் வரவில்லை.

2014 பிப்ரவரி 2-இல் கொம்ராத் நிர்வாகம் ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தியது. மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்றது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட ரஷ்யா தலைமையிலான சுங்கக் கூட்டமைப்பே வேண்டும் என்றார்கள். இதை வெறும் அரசியல் சூழ்ச்சியாக மட்டும் பார்ப்பவர்கள் இத்தொடரின் முந்தைய பக்கங்களைப் புரட்ட வேண்டும். எந்த மொழியில் செய்தி கேட்கிறார்களோ அந்த மொழியின் கண்ணால்தான் மக்கள் உலகத்தைப் பார்ப்பார்கள். 1960-களில் பள்ளிக் கதவைச் சாத்தியவர்கள் விதைத்தது 2014-இல் வாக்குப்பெட்டியில் விளைந்தது.

அதன் பிறகு தலைநகரத்தில் சட்டங்கள் வேகமாக மாறின. 1989-இன் மொழிச் சட்டம் காலாவதியானது என்று 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அறிவித்தது. இனங்களுக்கிடையிலான தொடர்புமொழி என்ற தகுதியை ரஷ்யனுக்கு மீண்டும் தர 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை, அடுத்த மாதமே அதே நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 மார்ச்சில், எல்லாச் சட்டங்களிலும் மால்டோவிய மொழி என்று இருந்த இடங்களில் ருமேனிய மொழி என்று திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் கொம்ராத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. ஒவ்வொரு எதிர்ப்பும் ரஷ்ய மொழியில் வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் சிலர் விடாமல் உழைக்கிறார்கள். ‘அனா சொசு’ என்ற செய்தித்தாளை 1988-இல் தொடங்கி, எழுத்தாளர் தோதுர் சானெட் நடத்திவருகிறார். அது முழுக்க முழுக்க ககவூஸ் மொழியில் வரும் ஏடு. பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் போட்டுக் காட்டும் ஆசிரியைகளும், மழலையர் பள்ளிகளில் ககவூஸ் மொழியிலேயே பாட்டும் விளையாட்டும் நடத்த முயல்பவர்களும் இருக்கிறார்கள். அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ ககவூஸ் மொழியையும் சேர்த்திருக்கிறது. அதைப் பேசுவோர் இன்னும் லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். கொம்ராத் அவைக்கும் கிஷினாவ் அரசுக்கும் செய்யவேண்டியது என்னவென்று தெரியாமல் இல்லை. தொடக்கப் பள்ளியில் நான்கு வகுப்புகளுக்கு ககவூஸ் மொழியைப் பாடமொழியாக்குவதும், அதோடு நல்ல ருமேனிய ஆசிரியர்களை அனுப்புவதும் அவர்களால் ஆகக்கூடிய காரியம்தான். 1958-இல் ஒரு சோவியத் அரசால் முடிந்தது, இன்று ஒரு ஜனநாயக அரசால் முடியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், உக்ரைனில், பெரும்பாலும் ஒடெஸா மாகாணத்தில், 2001 கணக்கெடுப்பின்படி சுமார் 32,000 ககவூஸ்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தன்னாட்சியும் இல்லை, பாஷ்கானும் இல்லை. 2017-இல் உக்ரைன் கொண்டுவந்த கல்விச் சட்டம் அவர்களை என்ன செய்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)